புன்டா கானா ரிசார்ட்: கேள்விகளும் பதில்களும்

டொமினிகன் குடியரசின் கிழக்கு முனையில் உள்ள புன்டா கானாவில் ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட், அதாவது தங்கலும் சாப்பாடும் ஒரே விலையில் அடங்கும் ரிசார்ட், தேடுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கரீபியன் பயண ஏற்பாடுதான் என் தொழில். இந்தக் கரையைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எடிசன், நியூ ஜெர்சி: அக்கா, ஜூலையில் நாலு பேர் போகிறோம். பவாரோவில் ஒரு ஐந்து நட்சத்திர ரிசார்ட் நல்ல சலுகையில் வருகிறது. போட்டோவில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. புக் பண்ணலாமா?

ஹோட்டலை அப்புறம் பார்க்கலாம். முதலில் மேப்பைத் திறந்து, அந்தக் கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். புன்டா கானா பக்கத்துக் கரைகளான பவாரோ, மக்காவோ, உவேரோ ஆல்டோ எல்லாமே கிழக்கும் வடகிழக்குமாக அட்லாண்டிக்கைப் பார்த்து நிற்கின்றன. காற்றும் நீரோட்டமும் வருவது அந்தப் பக்கமிருந்துதான். கூடவே சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசியும் வரும்.

2011க்கு முன்னால் இது பெரும்பாலும் வடக்கே சர்காசோ கடலோடு நின்றிருந்தது. அந்த வருடத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் நடுவே வெப்பமண்டல அட்லாண்டிக்கில் பெரிய பாசிப் பட்டையே உருவாகி, பெரும்பாலான வருடங்களில் கரைக்கு வருகிறது. ஏறக்குறைய மார்ச்சில் தொடங்கி அக்டோபர் வரை வரலாம். நீங்கள் போகும் ஜூலை அதன் நடுவில் விழுகிறது. கரையில் குவிந்து அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இது சாதாரண விஷயமில்லை.

ரிசார்ட்டுகள் கடலில் மிதவைத் தடுப்பு போடுகின்றன, விடியற்காலையில் ஆள் வைத்து அள்ளுகின்றன. கொஞ்சம் வந்தால் அது போதும். நிறைய வந்தால் அள்ள அள்ள வந்துகொண்டே இருக்கும்.

பிள்ளைகளுக்குக் கடல்தான் முக்கியம் என்றால் தெற்கே பயாஹிபே பக்கம் பாருங்கள். அங்கே டொமினிகஸ் கரை கரீபியன் கடல் பக்கம், மேற்கு நோக்கி இருக்கிறது. அலை குறைவு, பாசியும் பொதுவாகக் குறைவு. அறவே வராது என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்ப வேண்டாம். புன்டா கானா விமான நிலையத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம் போலத்தான் ஆகும், லா ரோமானா விமான நிலையம் இன்னும் பக்கம். சவோனா தீவுக்குப் போகும் படகுகளும் பெரும்பாலும் பயாஹிபேயிலிருந்துதான் கிளம்புகின்றன.

நீச்சல் குளமே போதும் என்றால் பவாரோ தாராளமாகப் போகலாம். ஆனால் ஹோட்டல் போட்ட போட்டோவை நம்பாமல், விருந்தினர்கள் கடந்த இரண்டு வாரத்தில் போட்ட படங்களைப் பாருங்கள். தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பாசி நிலவரத்தை மாதாமாதம் வெளியிடுகிறது. அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அட்லாண்டா: எது பெஸ்ட் ரிசார்ட்?

எந்த மாதம், யார் யார், என்ன பட்ஜெட், கடலா குளமா? இந்த நாலும் தெரியாமல் பதில் இல்லை.

ஸ்காபரோ: ரொறன்ரோவில் இருந்து மார்ச் பிரேக்கில் போகிறோம். அம்மா சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டார். ஒரு கிழமை சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், கொஞ்சம் முன்வேலை வேண்டும். டொமினிகன் சாப்பாட்டில் சைவத்துக்கு நல்ல அடித்தளம் உண்டு. வெள்ளைச் சோறு, பீன்ஸ் குழம்பு, இரண்டையும் சேர்த்துச் சமைக்கும் மோரோ, வாழைக்காயைத் தட்டிப் பொரித்த தோஸ்தோனெஸ், காலையில் வாழைக்காய் மசியலான மங்கு, அவித்த மரவள்ளி. அம்மாவுக்கு ருசி அன்னியமாகவே இருக்காது. பப்பாளி, அன்னாசி, மாம்பழம் கேட்கவே வேண்டாம்.

கவனிக்க வேண்டியது பீன்ஸ். பன்றி இறைச்சித் துண்டோ கோழிச் சாறோ போட்டுத் தாளித்திருக்கலாம், பார்த்தால் தெரியாது. 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் மீன் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அதனால் "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் உவேவோ" என்று சொல்லுங்கள். இறைச்சி, கோழி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்று பொருள். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. கிளம்பும் முன்பே ரிசார்ட்டுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, போய் இறங்கிய அன்றே தலைமைச் சமையல்காரரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். அவர்களே ஒரு தட்டு தனியாகச் செய்து தருவார்கள். பஃபேயில் ஒரே கரண்டி எல்லாத் தட்டிலும் போகும், அம்மா அதைப் பார்ப்பவர் என்றால் தனித் தட்டுதான் வழி.

ஹூஸ்டன்: செப்டம்பரில் தேனிலவு. பாதி விலைக்குக் கிடைக்கிறதே, ஏன்?

புயல் பருவம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. 2022 செப்டம்பர் 19 அன்று ஃபியோனா சூறாவளி போகா தே யூமா அருகில் கரை கடந்தது. புன்டா கானாவுக்குச் சற்றுத் தெற்கே உள்ள ஊர் அது. பெரும்பாலான வாரங்கள் புயல் இல்லாமல்தான் போகும், ஆனால் பயணக் காப்பீடு எடுக்காமல் செப்டம்பரில் போகாதீர்கள். அதையும் டிக்கெட் வாங்கும்போதே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு ஈடு கிடைக்காது. தேதியை மாற்ற முடியுமானால் டிசம்பர் முதல் இரண்டு வாரம் போங்கள். புயல் பருவம் முடிந்திருக்கும், பாசி குறைந்திருக்கும், கிறிஸ்துமஸ் விலை ஏறியிருக்காது.

சான் ஹோசே: உவேரோ ஆல்டோ புது ரிசார்ட்டுகள் அழகாக இருக்கின்றன. பிள்ளைகளுக்கு 5, 8 வயது.

அறைகள் அழகு, கடல் முரடு. பவாரோவுக்கு முன்னால் பவளப்பாறை அலையை உடைக்கும், அங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை. சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் தண்ணீரில்கூட விடாதீர்கள். இந்த வயதுக்கு நான் அனுப்ப மாட்டேன்.

டென்வர்: ஆகஸ்ட், பவாரோ, சலுகை. கடல் நன்றாக இருக்குமா?

எடிசன்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். திசையைப் பாருங்கள்.

மிசிசாகா: ஆல் இன்க்ளூசிவ் என்றால் டிப்ஸும் அதில் அடக்கம்தானே?

உணவகங்களில் சட்டப்படி போடும் 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வரியும் வழக்கமாக உங்கள் விலைக்குள்ளேயே இருக்கும். ஆனாலும் அறை சுத்தம் செய்பவருக்கும், தினமும் பரிமாறுபவருக்கும் ஒன்றிரண்டு டாலர் கையில் கொடுங்கள். நோட்டாகக் கொடுங்கள், கனடா நாணயம் வேண்டாம்.

டாலஸ்: இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். முழுப் பணம் கட்டிவிட்டுப் போகிறோம். நீங்கள் கொடுத்துப் பழக்குவதால் கொடுக்காதவனைக் கவனிப்பதில்லை.

கவனிக்காமல் விட்டால் மேலாளரிடம் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் பகல் முழுக்க வெயிலில் பாசி அள்ளுகிறவரை யாருமே கவனிப்பதில்லை, அவருக்கு டிப்ஸும் போவதில்லை. அவர் கேட்டு வாங்குகிறவரும் இல்லை. கொடுக்காமல் இருப்பது உங்கள் விருப்பம். கொடுப்பவர்தான் கெடுக்கிறார் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

பிராம்ப்டன்: நாணயம் வேண்டாம் என்பது ஏன்? நான் இரண்டு டாலர் டூனி கொடுத்தேன், சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்களே.

வாங்குவார்கள், முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். அங்கே வங்கிகள் வெளிநாட்டு நோட்டைத்தான் மாற்றும், நாணயத்தை மாற்றாது. அப்புறம் அவர் நாணயத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கனடாவிலிருந்து வந்த விருந்தினர் யாராவது நோட்டு தருவார்களா என்று கேட்டுக்கொண்டு அலைய வேண்டும். உங்களிடம் யாராவது ஒரு பை நிறைய நாணயத்தோடு வந்து நோட்டு கேட்டால் தயவுசெய்து மாற்றிக் கொடுங்கள். எப்படியும் நீங்கள் திரும்பிப் போகும் ஊரில் அது செல்லும்.

டாலஸ், மறுபடியும்: அப்படியானால் முதலாளி சம்பளத்தை ஏற்றட்டும். நாம் ஏன் ஈடுகட்ட வேண்டும்?

ஏற்றட்டும், ஏற்றத்தான் வேண்டும். அதில் உங்களோடு நிற்கிறேன். அது நடக்கும் வரை அந்த அம்மா உங்கள் படுக்கையை விரித்துக்கொண்டுதான் இருப்பார். இதே வாதத்தை இன்னும் பல பேர் அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் சொல்லியாயிற்று, டிப்ஸ் கேள்வி இத்தோடு போதும்.

சிகாகோ: கரையில் வியாபாரிகள் வந்து தொல்லை கொடுப்பதாகப் படித்தேன். தனியார் கரை உள்ள ரிசார்ட் சொல்லுங்கள்.

அப்படி ஒன்று கிடையாது. 1968ஆம் ஆண்டின் 305ஆம் எண் சட்டப்படி கரையோர 60 மீட்டர் பொதுச் சொத்து, கரைகள் பொதுவானவை என்று அரசியலமைப்பும் சொல்கிறது. ரிசார்ட்டுக்கு நாற்காலிதான் சொந்தம். வேண்டாம் என்றால் "நோ, கிராசியாஸ்" என்று சிரித்துச் சொல்லுங்கள், போய்விடுவார்கள்.

பாஸ்டன்: எது பெஸ்ட் ரிசார்ட்?

அட்லாண்டாவுக்குச் சொன்னதுதான்.

ஃப்ரீமான்ட்: இந்திய பாஸ்போர்ட். விசா வேண்டுமா?

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஷெங்கன் விசாவோ நிரந்தர வசிப்புரிமை அட்டையோ செல்லுபடியாக இருந்தால் பொதுவாகத் தனி விசா கேட்பதில்லை. ஆனாலும் உங்கள் தாள்களோடு டொமினிகன் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள், விதி மாறும். விசா தனி, இ-டிக்கெட் தனி. நுழையவும் வெளியேறவும் எல்லோரும் நிரப்ப வேண்டிய படிவம் அது. அரசுத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் பக்கம் வந்தால் அரசுத் தளம் இல்லை என்று தெரிந்துகொண்டு மூடிவிடுங்கள். நிரப்பியதும் வரும் கியூஆர் குறியைப் போனில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் வைஃபையை நம்பி நிற்க வேண்டியிருக்காது.