வேலையை விட்டுவிட்டு பிஎச்.டி. சேரலாமா?

கேள்வி: கோவையில் தனியார் பள்ளி ஒன்றில் கவுன்சலராக இருக்கிறேன். வயது 31, எம்.எஸ்சி. உளவியல். சேர்ந்து 4 வருடம் 3 மாதம் ஆகிறது. சம்பளம் 32,000, அதில் அடிப்படை 18,000. கணவருக்கு 48,000. வீட்டுக் கடன் தவணை 19,000, மற்ற செலவு 38,000. வங்கி வைப்பில் 2.8 லட்சம் இருக்கிறது. கல்லூரியில் கவுன்சலிங் சொல்லிக்கொடுக்க ஆசை. வேலையை விட்டுவிட்டு, 6 லட்சம் தனிநபர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, முழுநேர பிஎச்.டி. சேரச் சொல்கிறாள் தோழி. சேரலாமா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: படியுங்கள். ஆனால் இந்தக் கடனில் வேண்டாம்.

உங்கள் சம்பளம் நின்றால் மாதம் 9,000 துண்டு விழும். 6 லட்சத்தை 13 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் தவணை சுமார் 13,650. இரண்டும் சேர்ந்தால் 22,650. உங்கள் 2.8 லட்சம் ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். பிஎச்.டி.க்கோ குறைந்தது மூன்று வருடம்.

அதைவிட முக்கியமான ஒன்று: கல்லூரி உதவிப் பேராசிரியராக பிஎச்.டி. கட்டாயமில்லை. 2023 ஜூலையிலிருந்து யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி. நெட் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. உளவியலும் அதில் ஒரு பாடம். அதிலேயே ஜேஆர்எஃப், அதாவது முழுநேர பிஎச்.டி. செய்பவர்களுக்கான ஆராய்ச்சி உதவித்தொகை, கிடைத்தால் கதையே வேறு. முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000, வாடகைப் படி தனி. உங்கள் இப்போதைய சம்பளத்தைவிட அதிகம்! ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு உண்டு. பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு கொடுத்து 35. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட அல்ல. இந்தப் பணம் மாதாமாதம் ஒன்றாம் தேதி வந்துவிடாது, சில மாதத்துக்குச் சேர்ந்தும் வரும். கையிருப்பு அதற்குத்தான்.

ஜேஆர்எஃப் வராமல் நெட் மட்டும் வந்தால் பகுதிநேர பிஎச்.டி. இருக்கிறது. யுஜிசியின் 2022 விதிகள் அதை அனுமதிக்கின்றன. பள்ளியிடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். சம்பளமும் நிற்காது.

எந்த வழியானாலும் இன்னும் 9 மாதத்துக்கு ராஜினாமா பேச்சே வேண்டாம். ஐந்து வருடம் முடிந்தால் பணிக்கொடை கிடைக்கும்: 18,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 5-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 51,900 ரூபாய். நாலே முக்கால் வருடம் போதும் என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பி வழக்காடப் போகாதீர்கள், முழுசாக முடியுங்கள். இபிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணத்தையும் எடுக்க வேண்டாம். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்தால் வரி வரும்.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இரண்டு சம்பளமும் சேர்ந்து 80,000. தவணையும் செலவும் போக 23,000 மிஞ்ச வேண்டும். அது எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதில் 15,000-ஐ இந்த மாதமே ஆர்டியில் போட ஆரம்பித்தால், 9 மாதத்தில் 1.35 லட்சம் சேரும்.

பேராசிரியர் சம்பளம் பற்றியும் கனவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். யுஜிசி அளவில் தொடக்க அடிப்படை 57,700 என்பது உண்மைதான், ஆனால் அது அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் நிரந்தரப் பணிக்கு. தமிழ்நாட்டில் உளவியல் துறை உள்ள அரசுக் கல்லூரிகள் கொஞ்சம்தான். உங்கள் 32,000-க்குக் கீழே தரும் சுயநிதிக் கல்லூரிகளும் உண்டு. இன்னொரு பக்கம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இப்போதைய வேலையை அவ்வளவு மலிவாக எடைபோடாதீர்கள்.

நாளைக்கே செய்ய ஒன்று: நியமன ஆணையை எடுத்து, சேர்ந்த தேதியைப் பாருங்கள். ஐந்து வருடம் முடிவது அடுத்தடுத்த இரண்டு நெட் தேர்வுகளில் எதற்கு அருகில் வருகிறது என்று குறித்துக்கொண்டு படிக்க உட்காருங்கள்.