ஸ்மார்ட் ஸ்விட்ச், கேமரா, லாக் எல்லாம் பழுதானால் யாரை அழைப்பது? பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் போதுமா?

போதும், அவர் சரியான ஆளாக இருந்தால். அந்தச் சரியான ஆள் கிடைப்பதற்குள் எங்கள் வீட்டுக்கு மூன்று பேர் வந்துபோனார்கள். மொத்தம் எவ்வளவு செலவானது என்ற கணக்கை மனைவியிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

நாங்கள் இருப்பது சென்னையை ஒட்டிய சேலையூரில். நான்கு வருடங்களுக்கு முன் வீட்டில் உள் அலங்கார வேலை நடந்தபோது, ஒப்பந்தக்காரரின் பேச்சில் மயங்கி ஏழு ஸ்விட்ச் போர்டுகளுக்குள் ஸ்மார்ட் மாட்யூல் (ஸ்விட்சைப் போனிலிருந்தும் இயக்க உதவும் சின்னக் கருவி), வாசலில் ஒரு கேமரா, கதவில் எண் அழுத்தித் திறக்கும் லாக், கீசருக்கு ஒரு ஸ்மார்ட் பிளக் என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டோம். அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே இதில் உடன்பாடு இல்லை. "கைக்கெட்டும் தூரத்தில் ஸ்விட்ச் இருக்கிறது. அதை அமுக்காமல் எதற்குடா போனைத் தேடிக்கொண்டிருக்கிறாய்?" என்பார். நியாயமான கேள்விதான். பதில் இல்லாததால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

மூன்று வருடம் தொல்லையில்லாமல் ஓடியது. சென்ற மழைக்காலத்தில், வீட்டுக்கு இணைய இணைப்பு தருகிறவர்கள் பழைய ரௌட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதியதை மாட்டிவிட்டுப் போனார்கள். அன்று மாலை போனில் பார்த்தால் எல்லாச் சாதனங்களும் ஆஃப்லைன். கையால் அமுக்கினால் விளக்கு எரிகிறது, போனில் அசைவில்லை. அதே வாரத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரவில் திடீரென ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுந்து வீடு முழுக்க இருட்டாகும். தூக்கிவிட்டால் நிற்கும், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி விழும். இரண்டும் ஒரே கோளாறுதான் என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன். பணம் வீணாகத் தொடங்கியது அங்கேதான்.

முதலில் வந்தவர் எங்கள் தெருவின் எலக்ட்ரீஷியன். தண்ணீர் மோட்டார், மின்விசிறி, இன்வெர்ட்டர் எதுவானாலும் கெட்டிக்காரர். போர்டைத் திறந்து டெஸ்டரை வைத்தார். "சப்ளை வருகிறது சார். மாட்யூல் போய்விட்டது. ஏழையும் மாற்றிவிடலாம்" என்றார். ஏழும் ஒரே நாளில் எப்படிப் போகும் என்று கேட்டேன். "சைனா சாமான் சார், அப்படித்தான் போகும்" என்றார். வந்ததற்கு 300 ரூபாய்.

அடுத்தவரைச் செயலி வழியாகப் பதிவுசெய்து வரவழைத்தோம். சீருடை, பெரிய பை, சுறுசுறுப்பான தம்பி. எதையும் கேட்காமல் ஹாலில் இருந்த இரண்டு போர்டுகளையும் கேமராவையும் ரீசெட் செய்தார். ரீசெட் என்றால் என்ன? சாதனம் மனப்பாடம் செய்துவைத்திருந்த வைஃபை பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் துடைத்துவிடுவது. பிறகு புதிதாகச் சேர்க்கப் போனால், இது ஏற்கெனவே வேறொரு கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று சொல்லிக் கேமரா மறுத்துவிட்டது. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்த ஒரு பையன் தன் சொந்தக் கைப்பேசி எண்ணில் கேமராவைப் பதிந்து, அதை என் போனுக்குப் பகிர்ந்துவிட்டிருக்கிறான். மூன்று வருடமாக என் வாசல் கேமராவின் உண்மையான உரிமையாளர், வேலையை விட்டு எங்கோ போய்விட்ட அந்தப் பையன். நாங்கள் வருவதையும் போவதையும் அவன் நினைத்தால் பார்த்திருக்கலாம். பார்த்திருக்க மாட்டான் என்றே நம்புகிறேன். ஆனாலும் அன்று இரவு மனைவி அந்தக் கேமராவின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டாள். ஒப்பந்தக்காரரை நான்கு முறை கெஞ்சி, அந்தப் பையனைப் பிடித்து, அவன் கணக்கிலிருந்து கேமராவை நீக்கச் செய்ய மூன்று வாரம் ஆனது.

மூன்றாமவரை அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பினார். ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். வயர்மேன் உரிமம் வாங்கியவர், பல வருடம் சி.சி.டி.வி. மாட்டியவர். கரண்டும் தெரியும், நெட்வொர்க்கும் தெரியும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் அமைவதுதான் அரிது. அவர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கவே இல்லை. "ரௌட்டர் எப்போது மாற்றினீர்கள் சார்?" என்பதுதான் முதல் கேள்வி. பழைய ரௌட்டரில் இருந்த வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் நினைவிருக்கிறதா என்பது இரண்டாவது. நல்லவேளை, அம்மாவின் பஞ்சாங்க அட்டையில் எழுதிவைத்திருந்தோம். புதிய ரௌட்டருக்கும் எழுத்துப் பிசகாமல் அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் வைத்தார். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் ஒரே பெயரில் இருந்ததைப் பிரித்தார். இந்த மாட்யூல்களுக்கு 2.4 மட்டுமே தெரியும். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 என்று இருந்ததை டபிள்யூ.பி.ஏ.2 ஆக்கினார், பழைய சாதனங்களில் பல புதியதைப் புரிந்துகொள்வதில்லை என்றார். பிறகு டீ கேட்டார். டீ ஆறுவதற்குள், ரீசெட்டிலிருந்து தப்பியிருந்த ஐந்து போர்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே போனில் உயிர்பெற்றன. போர்டு எதையும் அவர் திறக்கவில்லை. முதல் ஆளின் பேச்சைக் கேட்டிருந்தால் ஏழு மாட்யூல்களும் குப்பைக்குப் போயிருக்கும்.

சுவரைத் திறந்தது ஆர்.சி.சி.பி. விவகாரத்துக்குத்தான். அம்மாவின் அறைப் போர்டைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மாட்யூலில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) போகவேண்டிய இடத்தில் பச்சை வயர் இருந்தது. பச்சை என்றால் எர்த், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர். நம் வீடுகளில் பிளக் பாயிண்ட் இருக்கிற போர்டுக்கு நியூட்ரல் வந்திருக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமான போர்டில் பெரும்பாலும் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) மட்டும்தான் இருக்கும், நியூட்ரல் நேரே விளக்குக்குப் போய்விடும். ஸ்மார்ட் மாட்யூல் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும், அதற்கு நியூட்ரல் தேவை. புதிதாக ஒரு வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, அன்று வேலை செய்தவர்கள் மூன்று போர்டுகளில் எர்த்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

இதில் என்ன தப்பு, வேலை செய்கிறதே என்று கேட்டேன். ஃபேஸில் போகும் மின்சாரம் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்ப்பதுதான் ஆர்.சி.சி.பி.யின் வேலை. வீட்டில் இருப்பது 30 மில்லி ஆம்பியர் வகை. அதில் பாதி அளவு கணக்கு உதைத்தாலே சிலது விழுந்துவிடும். மாட்யூலுக்குச் சில மில்லி ஆம்பியர் வீதம் மூன்றும் எர்த்தில் கசியவிட, மழை ஈரத்தின் கசிவும் சேர்ந்ததால் அது விழுந்திருக்கிறது. அதுவாவது பரவாயில்லை. எர்த் வயர் எங்காவது அறுந்தால், அந்த மாட்யூல் வழியாக வரும் மின்சாரம் அதே எர்த்தில் சேர்ந்திருக்கும் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்புக்கு வந்து நிற்கும், தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். இதைச் சொல்லிக்கொண்டே பச்சை வயரைக் கழற்றினார். மாட்யூலின் சின்ன நீல விளக்கு அணைந்தது.

இரண்டு போர்டுகளுக்குக் குழாய் வழியாக நியூட்ரல் இழுத்துவிட்டார். அம்மாவின் அறைக்குப் போகும் குழாயில் வயர் நுழையவில்லை. நியூட்ரல் இல்லாமல் இயங்கும் மாட்யூலும் கிடைக்கிறது. ஆனால் அது விளக்கு வழியாகவே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொள்வதால், எல்.இ.டி. பல்பு அணைத்த பிறகும் மங்கலாக எரியும் அல்லது மினுக்கும். விளக்கோடு ஒரு கெப்பாசிட்டர் சேர்த்தால் சரியாகும் என்றார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். அங்கே இப்போது இருப்பது சாதாரண ஸ்விட்ச். அம்மாதான் ஜெயித்தார்.

போகிற போக்கில் கீசர் பிளக்கையும் பார்த்தார். எங்கள் கீசர் 3 கிலோவாட், கிட்டத்தட்ட 13 ஆம்பியர் இழுக்கும். மாட்டியிருந்தது 10 ஆம்பியர் பிளக், ஓரம் பழுப்பேறி இருந்தது. பேசாமல் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாச் சாதனமும் ஒரே சமயத்தில் படுத்தால் யாரையும் அழைக்காதீர்கள், ரௌட்டரைப் பாருங்கள். ஒன்றே ஒன்று மட்டும் படுத்தால், ரௌட்டரை அணைத்துவிட்டு உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்து, 2.4இல் ஓடவிடுங்கள். சாதனம் அதில் ஒட்டிக்கொண்டால் சாதனம் நன்றாக இருக்கிறது, கோளாறு ரௌட்டரில். ஐந்து நிமிட வேலை, ஒரு வருகைக் கட்டணம் மிச்சம்.

பொசுங்கல் வாசனை, விழுகிற ஆர்.சி.சி.பி., சூடாகும் ஸ்விட்ச் என்றால் நீங்கள் கைவைக்காதீர்கள். உரிமம் உள்ளவரைத்தான் அழைக்க வேண்டும். அழைக்கும்போதே போனில் ஒரு கேள்வி கேளுங்கள்: "போர்டில் நியூட்ரல் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" எர்த்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால், நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். வந்தவர் எதையும் விசாரிக்காமல் ரீசெட் பொத்தானைத் தேடினாலும் தடுத்து நிறுத்துங்கள். வாரண்டி இருக்கிற பொருளென்றால் கம்பெனியிடமே போங்கள், வெளியாள் திறந்தால் பிறகு அவர்கள் கைவிரிப்பார்கள்.

எந்தச் சாதனத்தைப் பதிந்தாலும் ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வரவேண்டும். "என் நம்பரில் போட்டுப் பிறகு மாற்றித்தருகிறேன்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கேமராவில் யார் யாருக்குப் பகிர்ந்திருக்கிறது என்ற பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர் இரண்டு நாள் வேலைக்கு 2,200 ரூபாய் வாங்கினார், நியூட்ரல் வயர் உட்பட. இரண்டாம் நாள் நாங்கள் வெளியே போகவேண்டியிருந்ததால், அம்மாவை எழுப்ப வேண்டாமென்று கதவு லாக்குக்கு அவருக்காகத் தனியாக ஒரு எண் கொடுத்திருந்தோம். வேலை முடிந்து பணம் வாங்கிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தார். "சார், எனக்குக் கொடுத்த நம்பரை அழித்துவிட்டீர்களா?" என்றார். நான் அழித்திருக்கவில்லை.