பல்பு மாற்றும் வேலை இல்லை: மின் பொறியாளர் மகளின் தாயாருக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விகளில் பாதி உங்களுடையவை, மீதி உறவினர்கள் கேட்கச் சொன்னவை என்று படிக்கும்போதே தெரிந்தது. ‘நான்கு வருடம் இ.இ.இ. படித்துவிட்டுக் கடைசியில் பல்கலைக்கழகத்தில் பல்பு மாற்றப் போகிறாளா?’ என்பது உங்கள் கேள்வி இல்லை. அதற்கு ஒரு வரி போதும். பல்பு மாற்ற எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். அந்தப் பல்பு வரை மின்சாரம் வந்து சேர்வதற்கும், அதைத் தொடுகிறவர் உயிரோடு வீடு திரும்புவதற்கும் பொறுப்பானவர் பொறியாளர்.

உங்கள் சொந்தக் கேள்வி வேறு. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பணி ஆணை கையில் இருக்கிறது. ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கட்டடம், மின்சாரம், தண்ணீரைப் பராமரிக்கும் எஸ்டேட் பிரிவும் கூப்பிடுகிறது. மகளுக்கு இரண்டாவதில்தான் மனம். அனுப்பலாமா? அனுப்பலாம், ஒரு நிபந்தனையோடு. அந்த வளாகத்தின் உயரழுத்த மின்சாரம் அவர் பொறுப்பில் வருமா, அல்லது புகார்ப் பதிவேடு மட்டும்தான் வருமா என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய அடுத்த பத்து வருடத்தை முடிவு செய்யப்போவது அதுதான். சம்பளம்கூட அதற்குப் பிறகுதான்.

வளாகம் என்றால் எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடுகிறேன். சென்னை ஐ.ஐ.டி. 600 ஏக்கருக்கும் மேல். திருச்சி என்.ஐ.டி. சுமார் 800 ஏக்கர். மின்வாரியம் 11 ஆயிரம், 22 ஆயிரம் அல்லது 33 ஆயிரம் வோல்ட்டில் மின்சாரத்தை வளாக எல்லையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் நிறுவனத்தின் பாடு. டிரான்ஸ்ஃபார்மர் அதை 433 வோல்ட்டாக இறக்க, அங்கிருந்து பேனல் பேனலாகப் பிரிந்து விடுதி, ஆய்வகம், லிஃப்ட், தண்ணீர் மோட்டார், கணினி மையம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று போகும். பருவத் தேர்வு நடக்கும் அரங்கில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் கிளம்பவில்லை என்றால், துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து வரும் முதல் அழைப்பு உங்கள் மகளுக்குத்தான்.

இந்த வேலையில் படிப்பு எங்கே பயன்படுகிறது என்று கேட்கிறீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். இரவு பதினொரு மணிக்கு விடுதிக் காப்பாளர் அழைக்கிறார். ‘ஒரு பக்க அறைகளில் விளக்கு மங்கலாக எரிகிறது, மறுபக்கம் கண்ணைப் பறிக்கிறது, ஃபேன் பேய் வேகத்தில் சுற்றுகிறது’ என்கிறார். பழக்கமில்லாதவர் ஃபியூஸைப் பார்க்கக் கிளம்புவார். தெரிந்தவர், செருப்பை மாட்டும் முன்பே, ‘அந்தக் கட்டடத்தின் மெயினை உடனே அணையுங்கள்’ என்று தொலைபேசியிலேயே சொல்வார். எங்கோ நியூட்ரல், அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பியின் இணைப்பு, கழன்றிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நியூட்ரல் போனால் 230 வோல்ட் வர வேண்டிய அறைக்கு 400-ஐ நெருங்கி வரக்கூடும். இரண்டு நிமிடம் தாமதித்தால் ஒரு மாடி முழுக்க இருக்கும் மடிக்கணினி சார்ஜர்கள் கருகிவிடும், தீப்பிடித்தாலும் ஆச்சரியமில்லை.

அந்த நியூட்ரல் ஏன் கழன்றது என்று மறுநாள் தேடுவதில்தான் கல்லூரியில் படித்த பாடம் திரும்ப வருகிறது. பழைய கட்டடங்களுக்கு மூன்றரை கோர் கேபிள் போட்டிருப்பார்கள். அதில் நியூட்ரல் கம்பி, மற்ற மூன்று ஃபேஸ் கம்பிகளில் ஒன்றின் பாதி தடிமன்தான் இருக்கும். விளக்கும் மின்விசிறியும் மட்டும் இருந்த காலத்தில் அது போதுமாக இருந்தது. இன்று அதே கட்டடத்தில் கணினி ஆய்வகமும் எல்.இ.டி. விளக்குகளும் வந்துவிட்டன. இவை உண்டாக்கும் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டம் (வழக்கமான அலையைவிட மூன்று மடங்கு வேகத்தில் அதிர்வது) மூன்று ஃபேஸ்களிலும் ஒன்றையொன்று ரத்து செய்யாமல் நியூட்ரலில் போய்க் கூடுகிறது. மெலிந்த கம்பி சூடேறுகிறது, முனையில் கம்பியை இணைக்கும் உலோக லக் தளர்கிறது. இதைக் கண்டுபிடித்து, கேபிளை மாற்ற வேண்டும் என்று நிதி அதிகாரிக்குப் புரியும்படி குறிப்பு எழுதத் தெரிந்தவரைப் பல்பு மாற்றுபவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆபத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்றைய வளாகத்தில் மின்சாரம் பல வழிகளில் வருகிறது. ஆட்டோ நிலையில் விட்ட ஜெனரேட்டர், மின்சாரம் போன சில நொடிகளில் தானாகக் கிளம்பும். வெயில் இருக்கும் வரை மொட்டைமாடி சோலார் தகடுகளிலிருந்து வரும் டி.சி. கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். யு.பி.எஸ். அறையில் உள்ள பேட்டரி வரிசையை எந்த மெயின் ஸ்விட்சும் அணைக்காது. ‘மெயினை அணைத்தாகிவிட்டது’ என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கைவைத்தவர்கள் செத்திருக்கிறார்கள். அதனால்தான் லைன் கிளியர் என்ற முறை இருக்கிறது. எழுத்தில் அனுமதி வாங்கி, அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லை என்று சோதித்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தை டிஸ்சார்ஜ் ராடால் பூமிக்கு இறக்கி எர்த் செய்த பிறகே கை வைக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்யும் இடத்தில் உங்கள் மகள் பத்திரமாக இருப்பார். ‘அதெல்லாம் நேரமாகும் மேடம்’ என்று சிரிக்கும் இடமாக இருந்தால், எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் வேண்டாம்.

ஆண்களே நிறைந்த பிரிவில் ஒரு பெண் எப்படிச் சமாளிப்பாள் என்ற கவலை நியாயமானது. வழி இருக்கிறது. பெரும்பாலான பழைய வளாகங்களில் எந்தக் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்பது வரைபடத்தில் இருக்காது. இருபது, இருபத்தைந்து வருடம் அங்கேயே வேலை பார்த்த ஒரு வயர்மேனின் தலைக்குள் இருக்கும். அவர் ஓய்வு பெற்றால் அதுவும் வீட்டுக்குப் போய்விடும். பிறகு இணையக் கேபிளுக்குக் குழி தோண்ட வரும் ஜே.சி.பி. உயரழுத்தக் கேபிளை அறுத்த பிறகுதான் அது அங்கே இருந்தது எல்லோருக்கும் தெரியவரும். முதல் ஆறு மாதம் அந்த மனிதரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டுக்கொண்டு, அவர் பின்னாலேயே நடந்து, ஒவ்வொரு பேனலையும் திறந்து பார்த்து, எந்த மின்வழி எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும், வளாகம் முழுமைக்குமான ஒற்றைக்கோட்டு வரைபடத்தை உங்கள் மகள் வரையட்டும். வரைபடம் முடியும்போது அந்தப் பிரிவில் அவரைக் கேட்காமல் யாரும் ஒரு ஃபீடரை, அதாவது ஒரு பகுதிக்குப் போகும் மின்வழியை, அணைக்க மாட்டார்கள். மரியாதை அங்கிருந்து வரும். ஆயுதபூஜை அன்று அதே அண்ணன்மார் வாழைக்கன்றைக் கொண்டுவந்து பேனலிலேயே கட்ட வருவார்கள். அப்போது மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கச் சொல்லுங்கள், வாசற்கதவில் கட்டினால் போதும்.

நிர்வாகத்தின் கண்ணில் படுவதற்கு மின்கட்டணம்தான் நேர்வழி. நம் மாநிலத்தில் உயரழுத்த நுகர்வோருக்கு, பதிவான உச்ச தேவை (அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச மின்சுமை) அல்லது ஒப்பந்தத் தேவையில் (மின்வாரியத்திடம் முன்பே ஒப்புக்கொண்ட அளவு) 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். ஒப்பந்தம் 1000 கே.வி.ஏ. (மின்சுமையை அளக்கும் அலகு) என்றால், மே விடுமுறையில் விடுதிகள் காலியாகி 400 மட்டுமே பதிவானாலும் 900-க்குப் பணம் கட்ட வேண்டும். இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்று காட்டும் மின் திறன் காரணி 0.9-க்குக் கீழே போனால் அதற்குத் தனி அபராதம். கடந்த வருட ரசீதுகளை வரிசையாக வைத்துப் பார்த்து, ஒப்பந்தத் தேவையைக் குறைக்கலாமா, மின் திறன் காரணியைச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் வேலை செய்கின்றனவா என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்கட்டும். உயர்கல்வி நிறுவனங்களைத் தரம் பார்க்கும் நாக் மதிப்பீட்டிலும் சோலார், எல்.இ.டி., மின்சேமிப்பு பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கோப்பும் எஸ்டேட் பிரிவைத் தேடித்தான் வரும்.

நேரத்தைப் பொறுத்தவரை இந்த வேலை தலைகீழ். எல்லோருக்கும் விடுமுறை என்றால்தான் வளாகத்தை இருட்டாக்கி டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைச் சோதிக்கவும், மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைக் கழற்றிப் பார்க்கவும் முடியும். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வருவது சில வருடம் தவறும். வடகிழக்குப் பருவமழையில் கேபிள் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஐ.ஐ.டி. போன்ற மரமடர்ந்த வளாகங்களில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்று பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட நாட்களில் இந்தப் பிரிவினருக்கு வீடு கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் இதற்கு என்ன சொல்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு என்னிடம் ஆலோசனை இல்லை. மருத்துவருக்கும் செவிலியருக்கும் அதே இரவுப் பணிதான் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எதிர்காலத்துக்கு இரண்டு சான்றிதழ்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் மேற்பார்வையாளர் தகுதிச் சான்று. அனுபவத்தைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் முதல் நாளிலிருந்தே செய்த வேலையைப் பதிவு செய்யட்டும். மற்றொன்று, எரிசக்தித் திறன் பணியகத்தின் தணிக்கையாளர் தேர்வு. பொறியியல் பட்டத்தோடு மூன்று வருட அனுபவம் சேர்ந்த பிறகு எழுதலாம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை இப்போதே வாசிக்கத் தொடங்கலாம். ஜெனரேட்டருக்கும் லிஃப்டுக்கும் ஒப்புதல் வாங்க மின் ஆய்வுத் துறைக்குப் போகும் கோப்புகளை யாராவது கையாள வேண்டும். அந்த வேலையை அவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். மற்றவர்கள் தள்ளிவிடும் வேலை என்பதால் எளிதில் கிடைக்கும்.

அரசு வேலை வேண்டும் என்றால் பாதை மூடவில்லை. மத்தியப் பொதுப்பணித் துறைக்கு எஸ்.எஸ்.சி. நடத்தும் இளநிலைப் பொறியாளர் தேர்வு, மாநிலப் பொதுப்பணித் துறையின் மின் பிரிவுக்கு டி.என்.பி.எஸ்.சி., ஐ.ஐ.டி.களும் மத்தியப் பல்கலைக்கழகங்களும் நேரடியாக வெளியிடும் அறிவிப்புகள் என்று மூன்று வாசல்கள் உண்டு. இளநிலைப் பொறியாளர் பதவிக்கு ஏழாவது ஊதியக் குழுவின் ஆறாம் நிலை; அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாயில் தொடங்கும். தனியாரில் தொடக்கம் இதைவிட வெகுவாகக் குறைவாக இருக்கலாம். அதை ஒளிக்காமல் மகளிடம் பேசுங்கள். உயரழுத்த அனுபவமும் சான்றும் கையில் இருந்தால் மூன்று, நான்கு வருடத்தில் மருத்துவமனை, விமான நிலையம், சென்னையில் பெருகிவரும் டேட்டா சென்டர், வளைகுடா நாடுகளின் கட்டடப் பராமரிப்பு நிறுவனங்கள் என்று மாற முடியும். புகார்ப் பதிவேட்டோடு மட்டும் அந்த வருடங்கள் போயிருந்தால் எங்கும் மாற முடியாது. அப்படியானால் மென்பொருள் வேலையே மேல்.

பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரை அவகாசம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் உங்கள் மகள் ஒருமுறை அந்த வளாகத்துக்கு நேரில் போய், மின் யார்டைப் பார்க்க அனுமதி கேட்கட்டும். டிரான்ஸ்ஃபார்மரில் ஈரத்தை உறிஞ்சுவதற்காக இருக்கும் சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா, வெளுத்த இளஞ்சிவப்பாகிக் கிடக்கிறதா என்று பார்த்தாலே பராமரிப்பின் தரம் பாதி தெரிந்துவிடும். நியமனம் பல்கலைக்கழகத்தின் பெயரிலா, ஒப்பந்ததாரர் பெயரிலா. லைன் கிளியர் சீட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கையெழுத்து எத்தனை மாதத்தில் அவருக்கு வரும் என்று எஸ்டேட் அதிகாரியிடம் கேட்கட்டும். பதில்களை எழுதி எனக்கு வியாழன் மாலைக்குள் அனுப்பச் சொல்லுங்கள். நியமனம் ஒப்பந்ததாரர் பெயரில் என்றால் கடிதம் வேண்டாம், அன்றே தொலைபேசியில் அழைக்கட்டும்.