புது டிரைவருக்கு நியூசிலாந்தில் எந்த வாடகைக் கார்?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டில் இருப்பது வேகன் ஆர், கியர் வண்டி. டிசம்பரில் மனைவி, அப்பா, அம்மாவோடு நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குப் பத்து நாள் போகிறோம். பெரிய எஸ்யூவி எடுத்தால் பாதுகாப்பா, சின்னக் கார் போதுமா? இன்சூரன்ஸ் எது போடுவது?"

பெரிய எஸ்யூவி வேண்டாம். அங்கேயும் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், அது பாதி பாரத்தைக் குறைத்துவிடும். மீதிப் பாரம் முழுக்க வண்டியின் அகலத்தில் இருக்கிறது. வேகன் ஆர் ஓட்டிப் பழகிய கண்ணுக்கு இடது சக்கரம் எங்கே போகிறது என்று ஓர் அளவு பதிந்திருக்கும், திடீரென்று அகலமான வண்டியில் உட்கார்ந்தால் அந்த அளவு தப்பும், மலைப்பாதையில் ரோட்டோரத்துக்கும் நடுக்கோட்டுக்கும் மாறி மாறிப் போவீர்கள். நாலு பேருக்கு டொயோட்டா கொரோலா கார் அளவுள்ள ஆட்டோமேட்டிக் (கிளட்ச் இல்லாத வண்டி) போதும், இரண்டு பெரிய பெட்டி, மிச்சம் மடக்கக்கூடிய துணிப்பை என்று கட்டிக்கொண்டு போனால். ஆளுக்கொரு பெரிய பெட்டிதான் என்றால் டொயோட்டா ராவ்4 என்ற நடுத்தர எஸ்யூவி அளவுக்குப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அங்கே வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான், அது நல்லதுதான், ஆனால் கியர் வண்டிக்காரர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. பதற்றத்தில் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடிப் போய் அகலமான பிரேக் பெடலை ஓங்கி மிதித்துவிடும், பின்னால் வருகிறவன் மோதுவான். இடது காலை சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு, வண்டி எடுத்த இடத்திலேயே பத்து நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். பிரேக்கை விட்டாலே வண்டி மெல்ல நகரும், அதுவும் பழக வேண்டும். கிளம்பும் முன் ஊரில் நண்பர் யாரிடமாவது ஆட்டோமேட்டிக் வாங்கி இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டால் இன்னும் நல்லது.

புக் செய்யும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை வயதுக்கு மேல் தருவார்கள், லைசென்ஸ் வாங்கி எவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டும், டெபாசிட்டுக்கு டெபிட் கார்டு ஒத்துக்கொள்வார்களா. பல இடங்களில் ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அங்கே செல்லும், ஆனாலும் ஆர்டிஓவில் படிவம் 4ஏ கொடுத்து சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவைத்தால் கவுண்டரில் வாக்குவாதம் இருக்காது.

இன்சூரன்ஸில் பார்க்க வேண்டியது 'எக்ஸஸ்' என்ற தொகை. வண்டிக்குச் சேதம் வந்தால் முதலில் உங்கள் கையிலிருந்து போகும் பணம் அது, சில ஆயிரம் டாலர் வரை இருக்கும். புது டிரைவர் தினசரி கொஞ்சம் கூடக் கட்டி அதைப் பூஜ்யமாக்கிக்கொள்வதுதான் சரி, இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அப்புறம் எதற்கெல்லாம் காப்பீடு இல்லை என்ற பட்டியலைப் படியுங்கள். கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம், தப்பான எரிபொருள், குவீன்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் ரோடு மாதிரியான சில பாதைகள் அதில் இருக்கும். நான் ஒருமுறை அந்தப் பட்டியலைப் புரட்டாமலே கையெழுத்துப் போட்டேன். எதிரே வந்த லாரி தெறித்த ஒரு கல், கண்ணாடியில் கடுகளவு விரிசல், முழுக் கண்ணாடிக்கும் நான்தான் பணம் கட்டினேன். வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் நாலு பக்கமும், டயரும், கண்ணாடியும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள்.

ரோட்டைப் பற்றி முக்கியமான ஒன்று. ஊருக்கு வெளியே 100 கி.மீ. வரை அனுமதி, ஆனால் அது பெரும்பாலும் போக ஒன்று வர ஒன்று என்ற வளைவான பாதை. வளைவுக்கு முன்னால் மஞ்சள் பலகையில் 35, 45 என்று எழுதியிருந்தால் அந்த வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிட்டால் இடது பக்கம் ஒதுங்க இடம் வரும்போது ஒதுங்கி வழிவிடுங்கள், அங்கே அது மரியாதை. ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய வரும். சிவப்பு விளிம்பு வட்டப் பலகையில் உங்கள் திசை அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள்தான் நின்று எதிரே வருகிறவரை விட வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு உங்களுக்கு என்றால் போகலாம், அப்போதும் எதிர்ப்பக்கம் பார்த்துவிட்டுத்தான்.

குவீன்ஸ்டவுனிலிருந்து வனாகாவுக்கு மேப் கிரவுன் ரேஞ்ச் என்ற மலைப்பாதையைக் காட்டும், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், கொண்டை ஊசி வளைவுகள். நீங்கள் குரோம்வெல் என்ற ஊர் வழியாகச் சுற்றிப் போங்கள், அரை மணி போனாலும் போகட்டும். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்டு சவுண்டுக்குக் குவீன்ஸ்டவுனிலிருந்து போக மட்டும் நாலு மணி நேரம், அன்றைக்கே திரும்புவது வயதானவர்களுக்கும் உங்களுக்கும் ஆகாது. வழியில் உள்ள டெ அனா ஊரில் ஒரு இரவு தங்கி, அங்கிருந்து மில்ஃபோர்டுக்குப் பஸ்ஸில் போய்விடுங்கள்.

கிரைஸ்ட்சர்ச்சில் விமானம் இறங்கிய அன்றைக்கு மட்டும் வண்டி எடுக்க வேண்டாம். தூங்கி எழுந்து, மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் எடுத்து, முதல் நாள் டெகாபோ வரை மட்டும் ஓட்டுங்கள், மூன்று மணி நேரப் பாதை அது.