தால் ஏரிப் படகு வீடுகள் ஏன் பரம்பரைத் தொழிலாகவே இருக்கின்றன?

ஸ்ரீநகரில் படகு வீடு நடத்துகிறவர்கள் பலரும் "தாத்தா காலத்துப் படகு" என்கிறார்களே, புதிதாக யாரும் கட்டி நடத்த முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது. ஏரி மாசுபடுகிறது என்பதால் புதிய படகு வீடுகளுக்குப் பல ஆண்டுகளாகவே அனுமதி இல்லை. பழையதைப் பழுதுபார்க்கக்கூட அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். அதனால்தான் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது.

மன்னராட்சிக் காலத்தில் வெளியாட்கள் காஷ்மீரில் நிலம் வாங்க முடியாது. கோடையைக் கழிக்க வந்த வெள்ளைக்காரர்கள், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தண்ணீரிலேயே வீடு அமைத்துத் தங்க ஆரம்பித்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே பிழைத்துவந்த ஹாஞ்சி சமூகத்தாருக்கு அது தொழிலானது.

உள்ளே போனால் முதலில் மேற்கூரையைப் பாருங்கள். சின்னச் சின்ன மரத்துண்டுகளை ஆணியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி, நட்சத்திரமும் அறுகோணமுமாக இழைத்திருப்பார்கள். கதம்பந்த் என்பார்கள். எனக்கு அதைவிட்டுக் கண்ணை எடுக்கவே மனம் வராது. படகு முழுக்கத் தேவதாரு மரம். தண்ணீரில் சீக்கிரம் உளுத்துப்போகாது, ஆனால் விலை அதிகம். அடிப்பலகையில் கசிவு வந்தால் உடனே கவனிக்க வேண்டும், விட்டால் படகே மூழ்கிவிடும். பல குடும்பங்கள் பின்னாலேயே சிறு படகிலோ கரை வீட்டிலோ குடியிருக்கின்றன. சாப்பாடும் அங்கிருந்துதான் வரும்.

நெருப்புதான் பெரிய பயம். 2023 நவம்பரில் ஐந்து படகு வீடுகள் எரிந்து, வங்கதேசப் பயணிகள் மூவர் இறந்தார்கள். அப்படி எரிந்துபோனால், திரும்பக் கட்டுவதற்கும் அதே அனுமதிக்குத்தான் அலைய வேண்டும்.