முதுகுவலி இருக்கட்டும், அந்த நுரை என்ன ஆச்சு?

கடிதத்தில் பதினொரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அப்பா சிறுநீரகம் கெட்டு, கடைசி இரண்டு வருடம் டயாலிசிஸில் இருந்து போனார் என்று எழுதினீர்களே, அதற்கப்புறம் கேட்டதெல்லாம் எனக்கும் அப்படி ஆகிவிடுமா என்கிற ஒரே கேள்விதான். 47 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவான கிரியாட்டினின் 1.1. இப்போது நீங்கள் டயாலிசிஸுக்குப் பக்கத்தில்கூட இல்லை. சும்மா இருந்துவிடலாம் என்றும் சொல்லமாட்டேன்.

முதலில் ஓரம் தள்ள வேண்டியவை. ஸ்கேனில் வலது சிறுநீரகம் இடதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கிறதா? பெரும்பாலும் எல்லோருக்கும் அப்படித்தான், அதன் தலைமேல் கல்லீரல் உட்கார்ந்திருக்கிறது. நீளத்தில் அரை சென்டிமீட்டர் வித்தியாசம், சாதாரண நீர்க்கட்டி ஒன்று: ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வையுங்கள். சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போவது நீங்கள் தினமும் போடும் பி காம்ப்ளெக்ஸின் சாயம். முதுகுவலி பைக் ஓட்டினால் கூடுகிறது, படுத்தால் குறைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது முதுகின் வலிதான். சிறுநீரகத்தின் உள்சதைக்கு வலி தெரியாது. மேலே போர்த்தியிருக்கும் உறை இழுபட்டால், அல்லது கீழே போகும் குழாயில் கல் அடைத்தால்தான் வலிக்கும். கல் அடைத்தவர் எனக்கு மூன்று பக்கம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார், தரையில் உருண்டுகொண்டிருப்பார்.

இத்தனைக்கும் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி: மூன்று மாதமாகச் சிறுநீரில் சோப்பு நுரை மாதிரி நிற்கிறது, தண்ணீர் ஊற்றினாலும் சீக்கிரம் போவதில்லை. இதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்கிற நுண்ணிய வடிகட்டும் அலகுகள் சுமார் பத்து லட்சம். ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுருள் ஒன்று, அதுதான் சல்லடை. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுகின்றன. ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதியே மொத்தம் மூன்று லிட்டர் அளவுதான், அப்படியானால் அதே மூன்று லிட்டர் நாளைக்கு அறுபது தடவை சல்லடைக்கு வந்துபோகிறது. வடிந்ததில் 99 சதவீதத்தைக் குழாய்கள் திரும்ப இழுத்துக்கொள்ள, ஒன்றரை லிட்டர் போல வெளியே வருகிறது. ஆல்புமின் என்கிற புரதத்தை நல்ல சல்லடை ரத்தத்திலேயே நிறுத்திவிடும். வருடக்கணக்கில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் சுருளுக்குள் அழுத்தம் ஏறி, சல்லடை தளர்ந்து, ஆல்புமின் கசிய ஆரம்பிக்கும். புரதம் கலந்த நீர் நுரைக்கும், முட்டை வெள்ளைக்கருவை அடித்துப் பார்த்திருப்பீர்களே.

நுரைத்தாலே கசிவு என்று முடிவுகட்ட வேண்டாம். வேகமாகப் போனாலும் நுரைக்கும், கழிப்பறை கழுவிய திரவம் மிச்சமிருந்தாலும் நுரைக்கும். பரிசோதித்தால்தான் தெரியும். கிரியாட்டினின் நார்மல் என்று லேபில் சொன்னதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவர்களுக்கே அந்த எண் பெரும்பாலும் கொஞ்சம்தான் ஏறும், அவ்வளவு கையிருப்பு வைத்திருக்கிற உறுப்பு. ஏறக்குறைய பாதி வேலை போகிறவரை கிரியாட்டினின் வாயைத் திறக்காமல் இருக்கலாம். ஆல்புமின் அதற்கு வருடங்கள் முன்னாலேயே சொல்லிவிடும், கேட்கத்தான் ஆளில்லை. உங்கள் அப்பாவுக்கு எப்போது கண்டுபிடித்தார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். கால் வீங்கி, மூச்சு வாங்கிய பிறகு என்றுதான் பதில் வரும் என்று நினைக்கிறேன்.

காலையில் முதல் சிறுநீரைக் கொடுத்து ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். சாதாரண யூரின் டெஸ்ட்டில் சின்னக் கசிவு தப்பிவிடும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழ் வந்தால் சரி, வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். 30-க்கு மேல் வந்தால் பதறாமல் மூன்று மாதத்துக்குள் இன்னும் ஓரிரு முறை எடுங்கள், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி எல்லாம் அதை ஏற்றிக் காட்டும். அப்போதும் 30-க்கு மேலேயே நின்றால் டெல்மிசார்டன், ராமிப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை ஒன்று தருவார்கள். எனக்கு பிரஷரே இல்லையே என்று நிறுத்திவிடாதீர்கள், சுருளுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கத்தான் அது. கசிவு கண்டவர்களுக்கு இன்று வேறு மாத்திரைகளும் இருக்கின்றன, அப்பா காலத்தில் இல்லாதவை.

இப்போது திட்ட வேண்டிய இடம். முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாரத்தில் நான்கு நாள் டைக்ளோஃபெனாக் போடுகிறீர்கள்! சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் சின்னக் குழாயைத் திறந்து வைப்பதற்கு உடம்பு சுரக்கும் பொருளையே அந்த மாத்திரை நிறுத்துகிறது. உங்களைப் போலச் சர்க்கரை உள்ளவருக்கு, வெயிலிலோ வயிற்றுப்போக்கிலோ உடம்பில் நீர் குறைந்த நாளில், இது போதும் நிலைமை கெட. சிறுநீரக நோய் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே அதை வரவழைக்கும் மாத்திரையை விழுங்கியிருக்கிறீர்கள். இன்றே நிறுத்துங்கள். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால், முதுகுக்குப் பயிற்சி.

ஏழு நாளில் கிட்னியைக் கழுவும் வீடியோவைப் பார்த்து ஆறு லிட்டர் தண்ணீர் குடிப்பதும் வேண்டாம். கழுவுவதற்கு அது என்ன சாக்கடையா? தாகத்துக்குக் குடியுங்கள், உங்கள் வேலைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் தாராளம். வாழைத்தண்டைப் பொரியல் செய்து சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். கிட்னிக்கு நல்லது என்று நீங்கள் வாங்கிவைத்திருக்கும், என்ன கலந்தது என்று யாருக்கும் தெரியாத அந்தப் பொடியைக் குப்பையில் போடுங்கள்.

தம்பிக்கும் போன வருடம் சர்க்கரை வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லேபுக்குப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள்.