பெட்டியில போட்டிருக்கற நம்பர் ஃபுல் ஸ்பீடுக்கு!

போகி கிட்ட வந்தாச்சு, அதனாலயோ என்னமோ இந்த வாரம் வந்த கேள்வில பாதி ஏர் ப்யூரிஃபையர் பத்தித்தான். அதுல நாலு எடுத்துக்கிட்டேன், மத்த மெஷினெல்லாம் அடுத்த வாரம்.

கேள்வி: சார், எங்க வீடு மணலில. பையனுக்கு ஏழு வயசு, வீசிங் இருக்கு, ஏர் ப்யூரிஃபையர் வெச்சுப் பாருங்கன்னு டாக்டர் சொன்னாரு. அவன் தூங்கற ரூம் பத்துக்குப் பன்னெண்டு. கடையில ஏழு ஸ்டேஜ், அயனைசர், யூவி லைட் எல்லாம் இருக்கு, 500 சதுர அடிக்குப் போதும்னு ஒண்ணு காட்டறாங்க. நம்பி வாங்கலாமா? – ஒரு வாசகி, மணலி

பதில்: அந்த ஏழு ஸ்டேஜை மறந்துடுங்கம்மா. அப்படி எண்ண ஆரம்பிச்சா எங்க வீட்டு ஜன்னல் கூட மூணு ஸ்டேஜ்தான், கம்பி, கொசுவலை, ஸ்க்ரீன். தூசியப் பிடிக்கறது உள்ள இருக்கற ஹெப்பா ஃபில்டரும் காத்தை அதுக்குள்ள இழுக்கற ஃபேனும்தான். 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா மாதிரி'ன்னு போட்டிருந்தா வெச்சுட்டு வந்துடுங்க, 'ட்ரூ ஹெப்பா'ன்னோ 'ஹெச்13'ன்னோ தெளிவா இருக்கணும், இது கண்ணுக்கே தெரியாத 0.3 மைக்ரான் தூசில 100க்கு 99.9க்கு மேல பிடிக்கற ரகம்.

அடுத்து பெட்டியைத் திருப்பி சிஏடிஆர்னு ஒரு நம்பர் இருக்கான்னு பாருங்க, ஒரு மணி நேரத்துல எத்தனை கன மீட்டர் சுத்தமான காத்து தள்ளும்னு அர்த்தம். உங்க ரூம் பத்தடி உயரம்னு வெச்சா 1200 கன அடி, அதாவது 34 கன மீட்டர், வீசிங் இருக்கற குழந்தைக்கு அந்தக் காத்து மணிக்கு அஞ்சு தடவையாவது ஃபில்டர்ல பூந்து வரணும், 34 இன்ட்டு 5, 170. அப்ப 170 போட்ட மிஷின் போதுமான்னா, போதாது. ஏன்னா அந்த நம்பர் ஃபுல் ஸ்பீடுல ஓடவிட்டு எடுத்தது, ஃபுல் ஸ்பீடுல அது இரையற இரைச்சல்ல பையன் தூங்க மாட்டான், பத்து மணிக்கு நீங்களே எந்திரிச்சு ஸ்லீப் மோட்ல தட்டிடுவீங்க, ஸ்லீப் மோட்ல பல மிஷின்ல மூணுல ஒரு பங்கு காத்து கூட வராது. அதனால 300 பக்கம் இருக்கறதா வாங்கி நடு ஸ்பீடுல ஓட்டுங்க. நான் ஏசி சர்வீஸுக்குப் போற வீடுகள்ல பாத்த வரைக்கும் சின்ன மிஷின் வாங்கி சத்தம் தாங்காம கொறைச்சு வெச்சிருக்கறவங்கதான் ஜாஸ்தி.

500 சதுர அடி கணக்கு எப்படி வருதுன்னா, 500 சதுர அடி ரூம்னா கிட்டத்தட்ட 141 கன மீட்டர், சிஏடிஆர் 250 உள்ள மிஷின் வெச்சா மணிக்கு ரெண்டு தடவை கூட சுத்தாது. பொய்னு சொல்ல முடியாது, ஆனா உங்களுக்கு உதவாது.

அயனைசர்ங்கறது காத்துல மின்னேற்றம் ஏத்தி விடற சமாச்சாரம், அது வேணவே வேணாம், சிலது ஓசோன்ங்கற வாயுவை விடும், அது மூச்சுக்குழாயை எரிச்சல் பண்ணும். தனி ஸ்விட்ச் இருந்தா ஆஃப் பண்ணி வெச்சுடுங்க. யூவி லைட்டும் சும்மா அழகுக்கு, காத்து போற வேகத்துக்கு அதுக்கு நேரமே கிடைக்காது.

மணலின்னா இன்னொண்ணு, கம்பெனி பக்கத்துலேர்ந்து வர்ற கேஸ் வாடை. ஹெப்பா தூசியத்தான் பிடிக்கும், வாடைக்குக் கார்பன் வேணும். கடையில ஃபில்டரைக் கழட்டச் சொல்லி கையில தூக்கிப் பாருங்க, கறுப்பு ஸ்பாஞ்சு மாதிரி லேசா இருந்தா சீக்கிரமே அதோட கதை முடிஞ்சுடும், கரித்துண்டு குலுங்கற சத்தத்தோட கனமா இருந்தா கொஞ்ச காலம் தாங்கும். அங்கயே மாத்து ஃபில்டர் என்ன விலை, ஸ்டாக் இருக்கான்னும் கேட்டுடுங்க, மிஷினை மலிவா குடுத்துட்டு ஃபில்டர்ல வாங்கிடுவாங்க.

ஓட்ட ஆரம்பிச்சப்பறம் டிஸ்ப்ளேல பிஎம் 2.5 பாருங்க, ஒரு கன மீட்டர் காத்துல எத்தனை மைக்ரோகிராம் நுண்தூசி இருக்குங்கற நம்பர் அது. நம்ம நாட்டு லிமிட் 24 மணி நேரத்துக்கு 60, உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது 15. பையன் ரூம்ல 15க்குக் கீழ கொண்டு வரப் பாருங்க. நெபுலைசர் வெக்கும்போது நம்பர் குபீர்னு ஏறும், பயந்துடாதீங்க, அந்தப் புகை மாதிரி வர்ற மருந்துத் துளியையும் சென்சார் தூசின்னு எண்ணிக்கும். மருந்தை மட்டும் இத நம்பி நிறுத்திடாதீங்கம்மா.

கேள்வி: ராத்திரி கொசுவர்த்தி கொளுத்தினா ப்யூரிஃபையர் விடிய விடிய சிவப்பு லைட்தான் காட்டுது. மிஷின் ரிப்பேரா? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மிஷின் நல்லாத்தான் இருக்குண்ணே, ஒரு கையால அடுப்பை மூட்டிட்டு இன்னொரு கையால தண்ணி ஊத்திட்டிருக்கீங்க. ஒரு சுருள் விடற நுண்தூசி 75லேர்ந்து 137 சிகரெட்டுக்குச் சமம்னு 2003ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஜன்னலுக்கு வலை அடிங்க, கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்க, ப்யூரிஃபையர் விலைல கால்வாசி கூட ஆகாது.

கேள்வி: வேளச்சேரில ஃப்ளாட். வாங்கி ரெண்டு மாசமாச்சு, அம்மாவுக்குத் தும்மல் கொறையவே இல்ல, ஃபில்டர் லைஃப் இன்னும் 80 பர்சென்ட்னு காட்டுது. ஏமாந்துட்டேனா? – ஒரு வாசகர், சென்னை

பதில்: தம்பி, சிரிக்காம ஒரு வேலை பண்ணு. பின்பக்க மூடியைத் திறந்து ஃபில்டரை வெளிய எடு, பிளாஸ்டிக் கவர் இருக்கான்னு பாரு. போன மாசம் ஒரு வீட்டுல ஏசி பாக்கப் போனவன் இதையும் பாருங்கன்னு சொன்னாங்களேன்னு திறந்தேன், ஃபில்டர் வந்த கவரோடயே பளபளன்னு உக்காந்திருக்கு, எட்டு மாசமா கரண்ட் பில் மட்டும் கட்டியிருக்காங்க. நெறைய மிஷின்ல அந்த பர்சென்ட் ஓடின மணி நேரத்த வெச்சுக் காட்டறது, உள்ள தூசி இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. ரெண்டு மாசம் ஓடின ஃபில்டர் வெள்ளை வெளேர்னு இருந்தா எங்கயோ தப்பு.

கவர் இல்லேன்னா, மிஷின் எங்க இருக்குன்னு பாரு, சோஃபா பின்னாடி சுவத்த ஒட்டி வெச்சா காத்தே போகாது, சுத்தி ஒரு அடியாவது விடு, ரூம் கதவையும் சாத்தி வை. அம்மாவோட தலகாணி உறையையும் போர்வையையும் வாரா வாரம் சுடுதண்ணில துவைக்கச் சொல்லு, மெத்தையில இருக்கற தூசிப்பூச்சிய எந்த மிஷினும் இழுக்காது. ஃபில்டரை மட்டும் கழுவிடாத, வெளி வலையத் தண்ணில அலசலாம், ஹெப்பா நனைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேள்வி: மணி பிளான்ட் வெச்சா போதும், மிஷினே வேணாம்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்களே? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: 1989ல நாசா பண்ண ஆய்வுலேர்ந்து கிளம்பின பேச்சு அது, ஆனா அவங்க பாத்தது சின்ன மூடின பெட்டிக்குள்ள. வீட்டுல வெளிக்காத்து சாதாரணமா வந்து போறதுலயே கிடைக்கற பலனைச் செடி குடுக்கணும்னா ஒரு சதுர மீட்டருக்குப் பத்து செடிலேர்ந்து ஆயிரம் செடி வரைக்கும் வேணும்னு 2019ல கணக்குப் போட்டுட்டாங்க, அப்பறம் நீங்க எங்க படுப்பீங்க? செடி அழகுக்கு இருக்கட்டும், தாளிக்கறப்ப அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்க.